ஓணம் கழிந்து போகலாம்

கல்லூரியில் நான் தத்துவம் நடத்துகிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அது படிச்சா என்ன ஜோலி கிட்டும்?" என்றுதான் கேட்பார்கள். அப்பாவும் என்னைச் சீண்டுவார்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது." அவர் சொன்னதுதான் என் பாடமும். நடைமுறைவாதம் என்று அதற்குப் பெயர். ஒரு நம்பிக்கை உண்மையா பொய்யா என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அதை நம்பி நடந்தால் வாழ்க்கையில் என்ன ஆகிறதென்று பார். நடந்து பார்த்தும் தாங்குகிற நம்பிக்கையே உண்மை. இதை வருஷா வருஷம் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. வாய் பழகினால் போதுமா, புத்தி வேண்டாமா?

அப்பா கார்ப்பரேஷனில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபின் வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், மலையாளம் பேச வரும், இங்கிலீஷ் வராது. இருமல் நிற்காமல் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரலில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி சில மாதங்கள்தான் என்றார். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அவர் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "தெளிவா வாசி" என்றார்.

வாசித்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத ஒரு ரிப்போர்ட்டைத் தமிழில் வாசித்தேன். நெஞ்சில் பழைய சளி கட்டிப்போயிருக்கிறது, மருந்து கொஞ்சம் நீளமாகச் சாப்பிட வேண்டும், பிறகு சரியாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஒரு இடத்தில்கூட நாக்கு தடுக்கவில்லை.

"இவ்வளவுதானா? நான் வல்லாதே பேடிச்சுப் போயிட்டேன்" என்று பயம் விட்டுச் சிரித்துவிட்டு அப்பா சாயா கேட்டார்.

பொய் வேலை செய்தது. அதுதான் கொடுமை. மறுநாளே கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராத்திரி தூங்கினார். மருந்தை நேரம் தவறாமல் அவரே எடுத்துக்கொண்டார். டாக்டர்கூட, இந்த நிலையில் இத்தனை தெம்பா என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு உள்ளூர ஒரு கர்வம். அப்போது வகுப்பில் அந்தப் பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பலன் தருகிற நம்பிக்கை என்று சொல்லும்போதெல்லாம் என் அப்பாவின் முகம் மனசில் வந்தது. நடைமுறைவாதத்தைக் கண்டுபிடித்தவர்கள், ஒரு நம்பிக்கையின் எல்லா விளைவையும் கடைசி வரை பார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாதியை நான் பிள்ளைகளுக்கு நடத்தினேன், எனக்கு நடத்திக்கொள்ளவில்லை.

திருப்பூணித்துறையில் பெரியப்பா இருக்கிறார், அப்பாவின் ஒரே கூடப்பிறந்தவர். அப்பா அவரை மலையாள வழக்கில் சேட்டன் என்றுதான் சொல்வார். ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. பெரியப்பா தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்களில் கூடப்பிறந்தவன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். நேரில் வராத அழைப்புக்கு எதற்குப் போவது என்று அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. தம்பி இல்லாமல் மகளைக் கொடுத்த அவமானத்தைப் பெரியப்பா மறக்கவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு.

கர்க்கடக மாத மழை விட்டிருந்த ஒரு காலையில் அப்பா சொன்னார், "சேட்டனைப் போய்க் காணணும். நான்தான் வீம்புல கொஞ்சம் கூடிப் போயிட்டேன்."

"இன்னைக்கே போலாம்பா. கார் விளிக்கிறேன்."

"வேண்டாம். இந்தக் கோலத்துல போனா, தீனக்காரன் வந்திருக்கான்னு பாவம் பார்த்துச் சேத்துக்குவான். எனக்கு அது வேண்டாம். உடம்பு சரியாகட்டும். பழமும் வெத்திலையும் வாங்கிட்டு, பஸ் ஏறி, என் காலால அவன் படி ஏறணும்."

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா, உடம்பு சரியாகாது, இப்போதே கிளம்புங்கள் என்று. ஆனால் அவர் முகத்தில் இருந்த அந்தத் தெளிச்சத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. "சரிப்பா, ஓணம் கழிஞ்சு போலாம்" என்றேன். அவருக்குத் தெரியாமல் பெரியப்பாவைக் கூப்பிடலாம் என்றும் யோசித்தேன். அவர் அழுதுகொண்டு வந்து நின்றால் அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகவே அதையும் செய்யவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மனுஷனைத் தள்ளி வைத்தேன்.

அன்றிலிருந்து அப்பா நடக்க ஆரம்பித்தார். தினமும் காலையில் படகு ஜெட்டி வரைக்கும் போய்த் திரும்புவார். பிறகு தெருமுனை வரைக்கும். பிறகு வாசல் வரைக்கும். மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "மருந்து பிடிக்கும்போது இப்படித்தான் க்ஷீணம் வரும், இல்லையா?" என்று கேட்பார். நான் ஆமாம் என்பேன்.

ஓணத்துக்கு நாள் எண்ணத் தொடங்கும் அத்தம் பிறந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். பெரியப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

அவர் வந்தார். நேராக அப்பாவின் கால்மாட்டில் போய் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"நாலு மாசமா."

"சாகப்போறோம்னு தெரிஞ்சும் அவன் என்னை விளிக்கலையா?"

தெரிந்தும் அவர்தான் கூப்பிடவில்லை என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். அப்பாவின் பெயரை அப்படிக் கெடுக்க முடியவில்லை.

"அவருக்குத் தெரியாது பெரியப்பா. நான்தான் மறைச்சேன். சரியாயிரும்னு நம்ப வச்சேன். உடம்பு தேறி உங்க வீட்டுக்கு வரணும்னு தினம் நடந்து பழகினார்."

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெல்லக் கீழே உட்கார்ந்து அப்பாவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் வந்திருப்பேனே மோளே" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன். அவன் எதுக்கு நடக்கணும்?"