ரேலீனின் ஒரு மீட்டர்

எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் கட்டைகள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. வைத்தவள் என் மனைவி ஜேனெட்டின் அக்கா ரேலீன். எவன் எந்தக் கட்டையில் அதிகமாகத் தூண்டிலைச் சிக்கவைத்துப் பறிகொடுத்தானோ, அந்தக் கட்டைக்கு அவன் பெயர். பாதிரியார் கட்டை, கசாப்புக்காரர் கட்டை, போலீஸ்காரர் கட்டை. என் பெயரில் மூன்று இருக்கின்றன. காட் என்கிற எங்கள் ஆற்றின் பெரிய மீன் கட்டைக்கடியில்தான் குடியிருக்கும், அதனால் நாங்களும் கட்டையையே சுற்றிக்கொண்டிருப்போம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

என் அப்பா காலத்தில், படகு போக இடைஞ்சல் என்று சர்க்கார் கட்டைகளை எல்லாம் பிடுங்கிக் கரையில் போட்டது. மீனும் காணாமல் போனது. அப்புறம் அதே சர்க்கார், லாரி லாரியாக யூக்கலிப்டஸ் மரங்களைக் கொண்டுவந்து ஆற்றுக்குள் இறக்கியது. ஒவ்வொரு மரம் விழும்போதும் ரேலீன் கரையில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு அப்போதே ஐம்பத்தைந்து வயது.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். சேட்டை செய்கிற பிள்ளைகளைத் திட்டமாட்டாள்; வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுச் சாவகாசமாகத் தேநீர் குடிப்பாள். இரண்டு கணவர்கள். முதலாமவர் நல்ல மனுஷர், போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாமவர் மீன் பேச்சுத் தாங்காமல் வடக்கே ஓடிவிட்டார். "ரெண்டு பேருமே அளவு பத்தாததுங்க. திரும்ப ஆத்துல விட்டுட்டேன்" என்பாள்.

கோடையில் எங்கள் தூண்டில்காரர் சங்கம் காட் மீன் போட்டி நடத்தும். பிடித்த மீனை அளவுக் கோடுகள் போட்ட பாயில் கிடத்தி, அன்றைய எண் போட்ட அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். மீனின் நலத்துக்கான விதிகளை எழுதியவள் ரேலீன். கையையும் பாயையும் நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். தாடையைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. தண்ணீருக்கு வெளியே அறுபது விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. கூட இருப்பவர் வாய்விட்டு எண்ண வேண்டும். போன வருஷம் எண்பத்தேழு சென்டிமீட்டர் மீனை நான் காய்ந்த பாயில் போட்டேன் என்று, தங்கை புருஷன் என்றும் பாராமல், ஊர் முன்னால் என்னைப் போட்டியிலிருந்து தூக்கினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் எரிச்சல்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு குறை. ஒரு மீட்டர் மீன் வாய்க்கவில்லை. ஒரு மீட்டர் பிடித்தவர்களின் பெயர் சங்கத்தில் ஒரு பலகையில் பொறித்திருக்கும். பாதிரியார் பெயர்கூட இருக்கிறது. ரேலீன் பெயர் இல்லை. நாற்பது வருஷத்தில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, ஒரு தடவை தொண்ணூற்றொன்பதரை. அந்தத் தடவை, வாலைச் சேர்த்துக் கிள்ளினால் அரை சென்டிமீட்டர் நீளும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான்.

"வாலைக் கிள்ளி மீட்டர் ஆக்கலாம்னா, வயித்தைக் கிள்ளி நான் அழகிப் போட்டிக்கே போயிடுவேன்டா மெர்வ்" என்றாள்.

இந்த வருஷம் அவளோடு படகில் போகிற சிநேகிதிக்கு இடுப்பில் ஆபரேஷன். ஜேனெட் என்னைத் தள்ளிவிட்டாள். காலை ஏழு மணிக்கே வெயில் கொளுத்தியது. தகரப் படகில் நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. பாதிரியார் கட்டைக்குப் பக்கத்தில் அவள் தூண்டிலை வீசினாள். நான் இறைச்சி அடைத்த ரொட்டியை வாயருகே கொண்டுபோனேன். படகு திரும்பிவிட்டது. படகையே திருப்பிவிட்டது அந்த மீன்!

"மெர்வ், இது பெரிசு! டேய், இது ரொம்பப் பெரிசு!"

"இழு! இழு!"

"நீ வாயை மூடு!"

மீன் நேரே கட்டைக்கடியில் புகுந்து தூண்டில் நரம்பைக் கிளையில் சுற்றிக்கொண்டது. நானாக இருந்தால் வெடுக்கென்று இழுத்து நரம்பை அறுத்திருப்பேன். மீன் கொக்கியோடு கட்டையில் கட்டுண்டு கிடந்து சாகும். ரேலீன் நரம்பைத் தளர விட்டாள். இழுப்பு இல்லையென்றால் மீன் பயம் தெளிந்து தானாக வெளியே வரும் என்பது அவள் கட்சி. தொப்பியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம். அப்புறம் நரம்பு மெதுவாக, தானாகவே, ஆற்று நடுவுக்கு நகர ஆரம்பித்தது. இருவரும் பிள்ளைகள் மாதிரி கூச்சலிட்டோம்.

வலைக்குள் வைத்து, தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றினாள். பாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். இருவரும் சேர்ந்து தூக்கிக் கிடத்தினோம். மூக்கு விளிம்பில். வால் எங்கேயோ.

"நூத்தி நாலு," என்றாள். "மெர்வ், நூத்தி நாலு. எண்ணு, எண்ணு!"

எண்ண ஆரம்பித்தேன். எண் அட்டையைக் காணவில்லை. அவள் ஒரு கையால் மீனின் செவுளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறு கையால் பெட்டியைக் கவிழ்த்தாள். தூண்டில் முட்கள், சாக்லேட், மூக்குக்கண்ணாடி எல்லாம் கொட்டின. அட்டை இல்லை. "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது..." அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷ ஆசை இருபது விநாடியில் போகப்போகிறது. "முப்பது," என்றேன். "முப்பத்தொண்ணு..." அவள் கவனிக்கவில்லை. மறுபடி முப்பத்தொன்பது வந்தது. மறுபடி முப்பதுக்குப் போனேன்.

"உன் பின்னாடி!" என்று அலறினாள். அட்டை என் டிரவுசரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து வைத்தாள், நான் படமெடுத்தேன், சரியாக அறுபதில் மீன் தண்ணீருக்குள் போய்விட்டது. நீரோட்டத்தை நோக்கித் தலையை வைத்துத் தாங்கிப் பிடித்திருந்தாள். ரொம்ப நேரம் அது நகரவில்லை. பிறகு வாலால் அவள் முகத்தில் ஓர் அறை விட்டுவிட்டுப் போனது.

படகு கவிழ்வதுபோல் ஆடினோம். அவள் என்னைக் கட்டிப்பிடித்து வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தாள். "பலகைல என் பேரு! பாதிரியாருக்கு மேல!" சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது.

"எல்லாம் என்னால! முப்பதை மூணு தடவை எண்ணினேனே, தெரியுமா?"

ரேலீன் உட்கார்ந்தாள்.

"அப்படின்னா இருபது விநாடி கூட."

"யாருக்குத் தெரியும்?"

"தண்ணில எறங்கு."

"என்னது?"

"எறங்குடா. மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு முங்கு. படகுல இருபது தட்டு தட்டுவேன். அப்புறம் மேல வா."

ஏன் இறங்கினேன் என்று கேட்காதீர்கள். அவள் பஸ்ஸில் வளர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். டொங். டொங். நான்கு வரை சிரிப்பாக இருந்தது. எட்டில் நெஞ்சு எரிந்தது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் போனது. பன்னிரண்டில் தாங்க முடியாமல் மேலே வந்து, ஆற்றில் பாதியைக் குடித்து, இருமினேன்.

"பன்னெண்டுதான் ஆச்சு," என்றாள். கோபமே இல்லாத குரல். "நீ வந்துட்ட. அந்த மீனால தண்ணிக்குத் திரும்ப முடியலியே."

அந்த மீன் நகராமல் கிடந்த நேரம் இப்போதுதான் உறைத்தது. கையை நீட்டி என்னைப் படகில் இழுத்துப் போட்டாள். என் டிரவுசர் பாதி வழியில் நின்றுவிட்டது. அதைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்தேன், பாயில் விழுந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சாயங்காலம் சங்கத்தில் அவளே எழுந்து நின்றாள். "ரேலீன், மெர்வ் படகு. ஒரு மீன். எம்பது விநாடி வெளிய இருந்துச்சு. செல்லாது."

தலைவர் பேனாவை வைத்தார். "நீளம் எவ்வளவுன்னாவது சொல்லேன்."

"நூத்தி நாலு!" என்று கூரை அதிரக் கத்தினாள். ஜேனெட் வாயைப் பொத்திக்கொண்டாள். பலகையில் பெயர் ஏறவில்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் வண்டி ஜன்னலை இறக்கி, வேலியோரம் நின்ற ஒவ்வொரு மாட்டிடமும் ரேலீன் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.