நாற்பத்து மூன்றாம் நாள் கட்டம்

பென்சில் சீவிய வாசனையும் கற்பூர வாசனையும் ஒன்றாக வந்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தக் காரணத்தை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடங்களாகத் தாளை எடுப்பதும், இரண்டு வரி எழுதி மடித்து அலமாரியில் வைப்பதுமாக இருந்துவிட்டேன். உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதினால் கதை கட்டுகிறாள் என்பார்களோ, வேண்டுதலை வெளியே சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்ற பயம் எனக்கு. ஆனால் போன மாதம் ஒரு வீட்டு விசேஷத்தில் என் தம்பி மகன் இதே சம்பவத்தைச் சொல்லக் கேட்டேன். அழகாகத்தான் சொன்னான், முக்கியமான இடத்தை மட்டும் மாற்றிவிட்டான். அதன் பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நாங்கள் அப்போது தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இருந்தோம். அப்பா இளவயதில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அரிசி மூட்டை இறக்கியவர், பிறகு ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்ததும் கோப்பியை ஆறவைத்துக்கொண்டு தமிழ்ப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் போடுவார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கட்டம்". "அப்பா கட்டத்துல இருக்காங்க, சத்தம் போடாத" என்று அம்மா தம்பியை அடக்குவார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தவருக்கு வலது கை விளங்கவில்லை, பேச்சும் இல்லை. வராந்தாவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பத்திரிகையை மடியில் வைத்தால் அது தானாக நழுவிக் கீழே விழும், அவர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அம்மா நேராக அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு வேண்டுதல் வைத்தார். பால்குடம் இல்லை, முடி இறக்குவது இல்லை. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அப்பாவின் கட்டத்தை ஒரு சதுரம் விடாமல் சாயங்கால விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் நிரப்பி ஆத்தா காலடியில் வைப்பது, அவள் அப்பாவின் பேச்சைத் திருப்பித் தருவது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், மறுநாள் வரும் விடையை மட்டும் பார்க்கக் கூடாது. இதை அம்மாவே வகுத்துக்கொண்டார். நான்காம் வகுப்பு வரை படித்தவர் அவர்.

முதல் நாளே பாதியில் நின்றது. நாலாவது மாடியில் யாழ்ப்பாணத்துக்காரரான சின்னத்துரை அங்கிள் இருந்தார், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் அம்மாவும் பத்திரிகையோடு அவர் கதவைத் தட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வேண்டுதல் உங்களுக்கு, சோதனை எனக்கோ?" என்று சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து தன் பத்திரிகையிலும் கட்டத்தைப் போட்டுவைத்து, பகல் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தபடி எங்களுக்காகக் காத்திருப்பார்.

அவருக்கும் தெரியாததைக் கீழே பூக்கடை லெட்சுமி அக்காவிடம் கொண்டுபோவோம். "சாமிக்குத் தேங்கா உடைக்கிறவங்களப் பாத்திருக்கேன், கட்டம் ரொப்புறவங்கள இப்பத்தான் பாக்குறேன் லா" என்று அம்மாவைக் கேலி செய்வார். ஆனால் மல்லிகையைக் கட்டிக்கொண்டே குறிப்பைச் சத்தமாகக் கேட்பார். "நாடகத்துல வர்ற ராஜாவோட ஆலோசகர், அஞ்சு எழுத்து, யாருக்குத் தெரியும்?" பூ வாங்க நிற்பவர்கள், கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள், வேலை முடிந்து போகும், ஊரிலிருந்து வந்த தொழிலாளிகள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மறுநாள் வந்து, "அந்தக்கா வீட்டுக்காரர் பேசிட்டாரா?" என்று கேட்பார்கள். பெயர்கூடத் தெரியாத இத்தனை பேர் என் அப்பாவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்க இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

நாற்பத்து இரண்டு நாள் இப்படி நிறைந்தது. அப்பா வாய் திறக்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. 'பழங்காலக் கப்பல்', நாலு எழுத்து. சின்னத்துரை அங்கிள் மகளைப் பார்க்க பாசிர் ரிஸ் போயிருந்தார். பூக்கடையில் ஓடம் என்றார்கள், படகு என்றார்கள், பாய்மரம் என்றார்கள், எதுவும் அடங்கவில்லை. லெட்சுமி அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டு, "எதையாச்சும் எழுதி வச்சிடேன், ஆத்தா படிச்சா பாக்கப்போறா?" என்றார். அம்மா பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டார். மாடிக்கு வந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் யாரிடமும் கேட்காமல், தனக்குள் சொல்வது போல, "பழங்காலக் கப்பல்... நாலு எழுத்து" என்று படித்தார்.

"தொங்கான்."

நாற்காலியிலிருந்து வந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளியது போன்ற குரல். ஆற்றில் சரக்கு ஏற்றி வந்த பெரிய படகுகளை அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், அப்பா மூட்டை இறக்கியதே அவற்றிலிருந்துதான்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடுமோ என்று பயந்தாராம், பிறகு சொன்னார். பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அம்மா, கடைசி எழுத்து ஒத்து வரல" என்றேன்.

"அப்பா சொல்லிட்டாங்க" என்றார் அம்மா. கடைசிச் சதுரத்தில் ஏற்கெனவே இருந்த எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதிவிட்டு, விளக்கை ஏற்றினார்.

மறுநாள் விடையை அம்மா பார்க்கவில்லை, நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். 'வங்கம்' என்று போட்டிருந்தது. நான் சொல்லி விஷயம் தெரிந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டே லெட்சுமி அக்கா, "விடை தப்புன்னா வேண்டுதல் தப்பாயிடாதா?" என்று கேட்டார். அம்மா, "கேட்டது வந்துருச்சு. சதுரத்த அவ பாத்துக்குவா" என்று சொல்லி, மிச்சமிருந்த ஐந்து நாளையும் முடித்தார். மூளை தானாகவே தேறும் என்று டாக்டர் விளக்கினார். நான் அதை மறுக்கவில்லை, அந்த மூளையையும் படைத்தவள் ஆத்தாதானே. அப்பா அதன் பிறகு பல வருடம் இருந்தார், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

இப்போது நான் மார்சிலிங்கில் இருக்கிறேன். அப்பா இல்லை, அம்மா இல்லை, சின்னத்துரை அங்கிளும் இல்லை. பூக்கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். என் கைபேசியிலும் குறுக்கெழுத்து வருகிறது. தப்பான எழுத்தைப் போட்டால் உடனே சிவப்பாகக் காட்டி, அழிக்கும் வரை விடுவதில்லை. அந்த நாற்பத்து மூன்றாம் நாள் தாள் மட்டும் என் பூஜை அலமாரியில், அம்மன் படத்துக்குப் பின்னால் மஞ்சளேறி இருக்கிறது.

என் தம்பி மகன், அப்பா சரியான விடையைச் சொன்னார் என்று சொல்கிறான். கேட்பவர்களும் அப்படித்தான் விரும்புகிறார்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் பேச்சிழந்த ஒருவரை வைத்துக்கொண்டு தவிப்பவர் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் திருத்தாதீர்கள். அப்பா சொன்னது தப்பான விடை. அம்மா அதைத்தான் எழுதினார். அதைத்தான் ஆத்தா ஏற்றுக்கொண்டாள்.