கூட்டத்தின் ஐந்தாவது ஆள்

‘கால்திருப்பு’, குழாய் பழுது பார்ப்பவர். பிறப்பு 1949, மறைவு 2016.

பெற்றோர் இட்ட பெயர் வேறு. அந்தப் பெயரால் அவரை அழைப்பதற்கு அக்காளைத் தவிர ஊரில் ஆள் இல்லை. அவளும் பின்னாளில் அதை விட்டுவிட்டாள். எந்தக் குழாயானாலும் திருகை முழுதாக இறுக்கிய பிறகு கால் சுற்றுப் பின்வாங்கி விடுவார். “ஒரேயடியா இறுக்கினா உள்ளே இருக்கற ரப்பர் வாசர் நசுங்கிடும். கால் திருப்பு விட்டாத்தான் அதுவும் மூச்சு விடும்” என்பது அவருடைய விளக்கம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வேலையில் அவர் ஒழுங்குக்காரர். சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு இருக்கும். செய்த வேலை, தேதி, இடம் ஆகியவற்றை எழுதி, வீட்டுக்காரரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்வார். அதேபோல், தாம் போகும் இடத்தில் எந்தப் பதிவேட்டை நீட்டினாலும் மறுபேச்சின்றிக் கையொப்பம் இடுவார். மருத்துவமனை வாயிலில் ஒன்று, பள்ளிக்கூடக் கிடங்கில் ஒன்று என்று நாற்பது ஆண்டுகளில் எத்தனை இட்டிருப்பாரோ! கால் துடைத்துவிட்டு உள்ளே நுழைவது போல அது அவருக்குப் பழகிய காரியம். அந்தக் கையொப்பமோ, ரப்பர் குழாயைச் சுருட்டித் தரையில் எறிந்தது போலிருக்கும். எவராலும் படிக்க இயலாது.

2009 ஆகஸ்டு 12, புதன்கிழமை. மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், வீட்டுவசதி மற்றும் சமூகச் சேவைகள் குழுவின் கூட்ட அறையில், கைகழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுவதாக அவருக்குச் செய்தி வந்தது. அலுவலகம் என்றால் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான் அணிவார். வாயில் காவலர், பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். கருவிப் பையைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு மாடியேறினார். பை இல்லாத குழாய்க்காரரைக் குழாய்க்காரர் என்று கண்டுகொள்ள யாரால் முடியும்?

அறையில் நீண்ட மேசையைச் சுற்றி நால்வர் இருந்தனர். குழுவின் எழுத்தர், அதாவது கூட்டக் குறிப்பு எழுதும் ஊழியர், கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார். கால்திருப்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருக்கோம். உட்காருங்க.”

மூலையில் குழாய் சொட்டுச் சொட்டென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு சத்தத்தில் யார்தான் காத்திருக்கமாட்டார்கள் என்று எண்ணியவாறே அவர் காலியாக இருந்த நாற்காலியில் அமர்ந்தார். தேநீர் வந்தது. ஒரு பதிவேடு வந்தது, கையொப்பம் இட்டார். பேச்சு முடிந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று பொறுமையாக இருந்தார்.

அவர் அறியாதது இதுதான். குழுவில் ஏழு உறுப்பினர்கள். ஐவர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். விலகிப்போன ஒருவரின் இடத்துக்குப் புதிதாக ஓர் உறுப்பினர் அன்று வருவதாக இருந்தது. அவருடைய முகத்தை அங்கே யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

நிகழ்ச்சிநிரலின் நான்காவது பொருளைக் குழுத் தலைவி வாசித்தார். பழைய அடுக்ககம் ஒன்றின் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடக்கிறது; அந்த நான்கு அறைகளையும் இரண்டு வீடுகளாக மாற்றி, மாடியேற முடியாதவர்கள் பட்டியலில் முதலிரண்டு பேருக்கு ஒதுக்கலாமா என்பது கேள்வி. மருந்துக்கடை நடத்தும் உறுப்பினர் ஒதுக்கலாம் என்று நீளப் பேசினார். தலைவி கூடாது என்றார். கால்திருப்புக்கு ஒரு காதில் பேச்சும் மறு காதில் சொட்டும் விழுந்துகொண்டிருந்தன. சொட்டின் தாளத்தைக் கேட்டு, வாசர் மட்டும் போயிருக்கிறதா, திருகுத் தண்டும் தேய்ந்திருக்கிறதா என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். குழாயைக் கழற்ற வேண்டுமானால் அந்தத் தளம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். அதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமே என்று கையை உயர்த்தினார்.

சரியாக அந்த நொடியில்தான், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று தலைவி சொல்லி முடித்திருந்தார்.

“மூணு பேர்” என்று எழுத்தர் எழுதினார்.

“அம்மா, மேலேயிருந்து வர்ற இணைப்பை மூடினாத்தான் வேலை பார்க்க முடியும். ஒரு பத்து நிமிஷம் போதும்” என்றார் கால்திருப்பு.

தலைவி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். “முதல் கூட்டத்திலேயே காப்பகத்தை வீடாக்குற நடைமுறையைப் பேசுறாரு. நாமெல்லாம் மூணு வருஷமா என்ன பேசினோம்?”

எல்லாரும் சிரித்தனர். அவரும் காரணம் தெரியாமல் சிரித்துவைத்தார். கூட்டம் கலைந்து அறை காலியான பிறகு, கீழே போய்ப் பையை வாங்கிவந்து, குழாயைச் சரிசெய்துவிட்டுப் புறப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று அவருடைய அக்காளுக்கு. முழங்கால் தேய்ந்து, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த அவள், பதினோரு ஆண்டுகளாகப் பட்டியலில் காத்திருந்தவள். தரைத்தளத்தில் அவளுக்கு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, குழந்தைகள் காப்பகத்தின் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு: மாத இறுதியோடு காப்பகம் மூடப்படும். மனைவி இறந்தபின் அவர் மகளுடன்தான் இருந்தார். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் காலை முறைக்குப் போகும் மகள், இரண்டு வயதுக் குழந்தையை அந்தக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போய்வந்தாள். காப்பகம் இல்லையென்றால் வேலையும் இல்லை.

அறிவிப்போடு கூட்டக் குறிப்பின் நகலும் ஒட்டப்பட்டிருந்தது. மகள் அதை அப்படியே ஒப்பித்தாள்.

“அஞ்சு பேர்ல மூணு பேர் கை தூக்கியிருக்காங்கப்பா. அதுல ஒரு புது உறுப்பினராம். ‘மேலிருந்து வரும் இணைப்பை மூட வேண்டியதன் அவசியத்தை எடுத்துரைத்தார்’னு எழுதியிருக்கு. குழந்தைங்க இடத்தைப் பிடுங்கறப்போ பைப்பைப் பத்திப் பேசியிருக்கான் பாருங்க. அவன் வீட்டுப் பைப்பு அடைச்சுக்க!”

கால்திருப்பு கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். “பத்து நிமிஷம்னு போட்டிருக்கா?”

“என்னது பத்து நிமிஷம்?”

“ஒண்ணுமில்லம்மா.”

மறுநாள் அக்காள் வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொல்லத்தான் போனார். ஆனால் எது உண்மை என்பதிலேயே அவருக்குக் குழப்பம் இருந்தது. தாம் வாக்களித்தாரா, இல்லையா? கை தம்முடையதுதான்; தூக்கியதும் தாம்தான். அக்காள் அதற்குள் பாத்திரங்களைத் துணியில் கட்டிவைத்திருந்தாள்.

“வாடா. புது வீட்டுல குழாயைத் தாழ்வா வெச்சுக் கொடு. உட்கார்ந்தபடியே பிடிக்கணும். இனிமே நின்னு தண்ணி பிடிக்க என்னால ஆகாது.”

முக்காலியில் அவள் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினாள். அவர் அளவுநாடாவை எடுத்துத் தரையிலிருந்து அவள் விரல்வரை அளந்தார். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். நோட்டில் குறித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இறங்கி வந்துவிட்டார்.

அதன்பின் அவர் போனது எழுத்தரிடம். கதையைக் கேட்டு எழுத்தரின் பேனா மேசையில் உருண்டது.

“நீங்க உறுப்பினர் இல்லையா?”

“குழாய்க்காரன் சார். நீங்கதானே வாங்க வாங்கன்னு கூப்பிட்டீங்க?”

“அப்போ அன்னிக்கு நாலு பேர்தான். அன்னிக்குக் கூட்டமே நடக்கலை.”

“நடந்துச்சே சார். நான் டீ குடிச்சேனே.”

“நடந்துச்சு. ஆனா நடக்கலை” என்றார் எழுத்தர். சொன்னது அவருக்கே விளங்காதது போல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க. பதினாறாம் தேதி அடுத்த கூட்டம். முதல் வேலையே போன குறிப்பை வாசிச்சு உறுதி பண்றதுதான். அது உறுதியாயிட்டா அப்புறம் யாரும் கிளறமாட்டாங்க. பேசாம இருந்துடுங்களேன். உங்க அக்காவுக்கும் வீடு கிடைக்கும். என் வேலையும் பிழைக்கும்.”

“தப்புன்னு சொல்லணும்னா யார் சொல்லணும்?”

“அன்னிக்கு வந்திருந்தவங்க யார் வேணாலும் சொல்லலாம்.”

“நான் வந்திருந்தேனே.”

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், மீண்டும் புரட்டினார். அதற்கு விதியில் விடையில்லை.

இரண்டு வாரம் அவர் அதையே புரட்டிப் பார்த்தார். சும்மா இருந்தால் மகளுக்குத் துரோகம். பேசினால் அக்காளுக்குத் துரோகம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒழுகும் குழாயை அவர் அதுவரை கண்டதில்லை. மகளிடம் சொன்னால் அவள் பேசச் சொல்வாள், அக்காளிடம் சொன்னால் அவள் சும்மா இருக்கச் சொல்வாள் என்பதால் இருவரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 16 அன்று கருவிப் பையோடுதான் உள்ளே போவேன் என்று வாயிலில் பிடிவாதம் பிடித்துப் பையைத் தோளில் மாட்டியபடி மாடியேறினார். அறுவர் இருந்தனர். குறிப்பை உறுதிசெய்யலாமா என்று தலைவி கேட்டதும் அவர் எழுந்து நின்றார். விவரத்தைச் சொல்லி முடித்தபோது அறையில் ஓசையே இல்லை, குழாய்கூட ஒழுகவில்லை.

அதுவரை பேசாதிருந்த ஒருவர் மெல்ல, “நான்தாங்க அந்தப் புது உறுப்பினர். அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். குறிப்பைப் படிச்சுட்டு, நான் வராமலே எப்படிப் பேசினேன்னு ஒரு வாரமா யோசிச்சுட்டு இருந்தேன்” என்றார்.

“யோசிச்சீங்களே, ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?” என்றார் தலைவி. பிறகு கால்திருப்பிடம் திரும்பினார். “பட்டியல்ல ரெண்டாவது பேர் உங்க அக்காவா?”

“ஆமாங்கம்மா.”

“இதைச் சொன்னா அவங்களுக்கு வீடு போயிடும்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பிறகு ஏன் சொல்றீங்க?”

அவர் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “அக்காவுக்கு வீடு வேணும்மா. என் மகளுக்கு அந்தக் காப்பகம் வேணும். எது நியாயம்னு எனக்குப் புரியலை. நான் கை தூக்கினது தண்ணியை நிறுத்தத்தான். அது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

முந்தைய கூட்டம் செல்லாது என்று பதிவாயிற்று. பொருள்கள் எல்லாம் புதிதாக எடுக்கப்பட்டன. நான்காவது பொருளுக்கு ஆதரவாக இருவர், எதிராக நால்வர். காப்பகம் தப்பியது. எழுத்தர் பழைய பதிவேட்டை நீட்ட, கால்திருப்பு தம்முடைய சுருள் கையொப்பத்துக்குக் கீழே, எவரும் படிக்கும்படியான எழுத்தில், ‘குழாய் பழுது பார்க்க வந்தவர்’ என்று எழுதினார்.

“அன்னிக்குப் பார்த்த பழுதும் செல்லாதா சார்?”

“அது செல்லும். ஒழுகலையே” என்றார் எழுத்தர்.

மகளிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னார். பைப்பு அடைத்துக்கொள்ளட்டும் என்று சபித்ததை நினைத்து அவள் முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அத்தையை நினைத்து அழுதாள். அக்காளிடமும் அவரே போய்ச் சொன்னார். அவள் கட்டிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து அடுக்கினாள். கடைசிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“அளவெடுத்துட்டுப் போனியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

அன்றுமுதல் அவள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. “வாங்க, உறுப்பினரே” என்பாள், “உறுப்பினர் சாப்பிட்டாச்சா?” என்பாள். வீட்டுக் குழாயை மட்டும் தொடவிடவில்லை. அது ஒழுகினால் வேறு ஆளைக் கூப்பிட்டாள். பட்டியலில் அவள் எண் இரண்டிலிருந்து ஒன்றானது, ஒன்றிலேயே நின்றது. தாம் செய்தது சரிதானா என்று மகளிடமும் எழுத்தரிடமும், ஒருமுறை வாயில் காவலரிடமும்கூட அவர் கேட்டதுண்டு. மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து அவள் கூப்பிட்டனுப்பினாள். “உறுப்பினரே, குழாய் ஒழுகுது.”

மூன்று மாடியும் ஏறினார். அவருக்கும் இப்போது மூச்சு வாங்கியது. பழைய குழாயைக் கழற்றி, சுவரில் புதிய இணைப்பு எடுத்து, தரையிலிருந்து நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தினார். அளவை நோட்டில் தேடவில்லை, நினைவில் இருந்தது. இறுக்கினார், கால் சுற்றுப் பின்வாங்கினார். அக்காள் முக்காலியில் அமர்ந்து, கையை நீட்டித் திறந்து பார்த்து, மூடினாள்.

வழக்கம்போல் நோட்டை நீட்டினார்.

“இரு. எதுக்குக் கையெழுத்துன்னு படிச்சுட்டுத்தான் போடுவேன்” என்று கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பிறகு கையொப்பம் இட்டாள். அவருடைய நோட்டில் அதுவே கடைசிப் பதிவு: சமையலறைக் குழாய், மூன்றாம் மாடி, 2016 அக்டோபர் 9.