ஃபைன் கட்டாத மனிதர்

மகளுக்கு ஊட்டியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டக் கடைசி நாளில் மஞ்சூர் ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸே வரவில்லை. போனில் கெஞ்சிக் கேட்டதில், மறுநாள் நாலு மணி வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். நானும் கணவரும் மகளும் கல்லூரி அலுவலகத்தில் நுழைந்தபோது மணி மூன்றரை. நாலு தாண்டினால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா ஒரு சீட்டைத் தள்ளினார். நான் பிளஸ் டூ வரை படித்தவள் என்பதால் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் காகிதமெல்லாம் என் தலையில்தான். ஃபீஸ் என்றால் படிப்புக்குக் கட்டுவது, திரும்பி வராது. டெபாசிட் என்றால் படித்து முடித்ததும் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று கணவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டினார். கடைசி வரியைத் தொட்டு, "இது?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மா, "ஃபைனுங்க. ஒரு நாள் லேட்டுக்கு" என்றார்.

போச்சு. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஃபைன் கட்டினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. முற்றின இலையைப் பறித்ததாக ஒருமுறை இவர் பேரில் ஃபைன் போட்டார்கள். அதை ரத்து செய்யும்வரை மூன்று நாள் வேலையையும் கூலியையும் விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நின்ற மனிதர் இவர்.

"மரம் உழுந்ததுக்கு நானுங்களா குத்தவாளி?" என்றார்.

"ஏனுங்க, இது லேட் ஃபீ. நாள் தள்ளிப்போனதுக்குக் கட்டறது, தப்புக்கு இல்லீங்க" என்றேன்.

"அப்ப ரசீதுல அப்படியே எழுதச் சொல்லு."

"கம்ப்யூட்டர்ல ஃபைன்னுதாங்க வரும்" என்றார் அந்த அம்மா, கடிகாரத்தைப் பார்த்தபடி.

நாலுக்குப் பத்து. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ரோசம் பாக்கற நேரமாங்க இது? புள்ளையோட படிப்புங்க" என்று பல்லைக் கடித்தேன். மனிதர் அசையவில்லை. பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது, இல்லாவிட்டால் நானே கட்டித் தொலைத்திருப்பேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலுக்கு மூன்று நிமிடம். அந்த அம்மா அடுத்த பிள்ளையின் ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

என் கணவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு, நீ வெளிய போய் நில்லு."

அவள் போய், கதவு மூடிய பிறகுதான் சட்டைப்பையில் கையை விட்டார்.