கிழவி ராணியைச் சாகவிடாத ஸ்ரெல்லா

ஸ்ரெல்லா பொய் சொல்லமாட்டாள் என்று இத்தாலியில் பலெர்மோவில் இருக்கிற எங்கடை சனம் எல்லாம் சொல்லும். கோயிலில் பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கிறவள். சேலை வடிவில்லை என்றால் உடுத்தினவளின் முகத்துக்கு நேரே சொல்லுகிறவள். நான் ஒருத்திதான் இந்தக் கதைக்குத் தலையாட்ட மாட்டேன். மூன்று வருசமாய் ஒரே பொய்யைக் கரண்டியில் வைத்து ஊட்டினவள் அவள். அதை அறிந்துகொண்டுதான் சொல்லுகிறேன், அவளைப்போல ஒரு நல்ல பிள்ளையை நான் காணவில்லை.

மன்னாரில் பேசாலைப் பிள்ளை. இஞ்சை அல்பெர்கேரியாப் பகுதியில் என்ரை வீட்டுக்கு மேல் வீடு. காலமை பஸ் எடுத்துச் சீசாப் பகுதிக்குப் போய் சினியோரா நின்ஃபா என்கிற இத்தாலியக் கிழவியைப் பராமரிக்கிறது அவளின் வேலை. சினியோராவுக்குக் காலில் பெலன் இல்லை, சக்கர நாற்காலிதான். காதும் நாக்கும் மட்டும் குமரிப்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி. பிள்ளைகுட்டி இல்லை. தங்கச்சியின் மகன் ஒருத்தன் இடைக்கிடை வருவான். பெரியம்மா இன்னும் மெலிந்தால் வயோதிபர் இல்லத்தில்தான் விடவேணும் என்று அன்பாய்ச் சொல்லிப்போட்டுப் போவான். மனுசியோ சாப்பாட்டைக் கண்டால் வாயை இறுக்கி மூடும். ஸ்ரெல்லா சூப் காய்ச்சிப் பார்த்தாள், மீனை முள்ளெடுத்துக் குழைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை.

ஒருநாள் வேறு வழி தெரியாமல் உப்புமலை என்ற தமிழ் நாவலை இத்தாலியனில் சொல்லத் தொடங்கினாள். அவள் குமரியாய் இருக்கேக்கை வாசித்த பழைய பெரிய நாவல். கடலுக்கு நடுவே உப்பாலே ஒரு மலை, அதின் உச்சியில் ஒரு இராச்சியம். மழை பெய்தால் நாடே கரைந்துபோகும். அதனாலே மேகங்களை ஆடு மேய்க்கிற மாதிரி மேய்த்துத் தூரத்தில் வைத்திருக்க ஏழு அண்ணன் தம்பிமார். அந்த ஏழு பேரையும் மந்திரியையும் ஆட்டிப்படைக்கிற ஒரு கிழவி ராணி.

சினியோரா திராப்பானிப் பக்கத்து உப்பளக்காரன் மகள். உப்புமலை என்றதும் அது எவ்வளவு உயரம் என்று கேட்க மனுசி வாயைத் திறந்தது. திறந்த வாய்க்குள் ஸ்ரெல்லா கரண்டியை வைத்தாள். அண்டு தொடங்கி அதுதான் சட்டம். கதை இருந்தால் சாப்பாடு, கதை நின்றால் வாய் மூடும்.

நாவலிலே கிழவி ராணி முதல் பாகத்திலேயே செத்துப்போவா. அந்த இடம் வந்த அண்டைக்குப் பார்த்து, சினியோராவின் தங்கச்சி செத்துப்போனா என்று தொலைபேசி வந்தது. அழுதுகொண்டிருக்கிற மனுசிக்கு இன்னொரு சாவை எப்படி ஊட்டுகிறது? ராணிக்குக் காய்ச்சல் சுகமாகிவிட்டது என்று சொல்லிப்போட்டாள். அடுத்த கிழமை சாகடிக்கலாம் என்றுதான் விட்டவள். அடுத்த கிழமை மனம் வரவில்லை. பிறகு ராணி கடலுக்கு அப்பால் போனா. பறக்கிற ஆடு ஒன்று வந்து சேர்ந்தது. போன தவக்காலத்தில் ராணிக்கும் வெளிச்சவீட்டுக்காரன் ஒருத்தனுக்கும் விருப்பமாகிவிட்டது. தவக்காலத்தில் உதெல்லாம் தேவையா என்று நான் கேட்டேன். சினியோரா முழுத்தட்டும் சாப்பிட்டது மாமி என்றாள். அதுக்குமேல் நான் என்னத்தைக் கதைக்கிறது?

இப்படி இருக்கேக்கைதான் உப்புமலையைப் படமாய் எடுத்துவிட்டாங்கள்.

இஞ்சை தமிழ்ப்படம் கொண்டுவந்து போடுகிறது கிறிகோரி. ஒரேத்தோத் தெருவில் ஒரு கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் போடுவான். மற்ற நாளில் தண்ணிக்குழாய் வேலை. சினியோரா வீட்டுக் குசினியில் குழாய் ஒழுகுது என்று ஸ்ரெல்லாதான் அவனைக் கூப்பிட்டவள். வந்தவன் குழாயைப் பூட்டிப்போட்டுச் சும்மா போனானா? ஞாயிற்றுக்கிழமை உப்புமலை என்று ஒரு படம் போடுகிறேன் சினியோரா, மேகத்தை மேய்க்கிற கதை என்று சொல்லிவிட்டான். சினியோரா அந்த நிமிசமே அலுமாரியைத் திறந்து நீலச்சட்டையை எடுக்கச் சொன்னது.

ஸ்ரெல்லா சொல்லாத சாட்டு இல்லை. மண்டபத்திலே படி இருக்கு என்றாள், குளிர் என்றாள், கீழே ஓடுகிறது இங்கிலிஸ் எழுத்து, உங்களுக்கு ஒன்றும் விளங்காது என்றாள்.

"மூன்று வருசமாய் இந்தக் காதுக்குள்தானே கதை சொல்லுகிறாய்," என்றதாம் மனுசி. "அண்டைக்கும் இதே காதோடுதான் வருவன்."

அண்டு பின்னேரம் ஸ்ரெல்லா என்ரை வாசலில் வந்து நின்றாள். முகம் செத்துப்போய்க் கிடந்தது.

"படத்திலை கிழவி முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளையே சாகிறாவாம், மாமி."

"சாகட்டும். அது படத்துக் கிழவி."

"சினியோரா கண்டால் பிறகு என்னை நம்புமே? நம்பாட்டி வாயைத் திறக்குமே? அந்தத் தங்கச்சியின்ரை மகன் இந்த மாதமும் பார்க்க வரப்போறான்."

நான் யோசித்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, அதனாலே புத்தகத்திலே இப்படித்தான் கிடக்கு என்று சொல்லி ஒருத்தரும் என்னை வெருட்ட ஏலாது. கண் பார்க்கிறதைப் பார்க்கட்டும், காதுக்குள் நீ உன்ரை கதையைச் சொல்லு என்றேன்.

எங்கடை மண்டபத்திலே படம் பார்க்கிற விதம் தெரியாதவைக்கு ஒன்று சொல்லவேணும். இஞ்சை பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டுத்தமிழ் விளங்கும், ராசா ராணித் தமிழ் விளங்காது. அதனாலே ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தாய் இருந்து, படத்தை இத்தாலியனில் பிள்ளைகளின் காதுக்குள் ஓதிக்கொண்டே இருப்பா. படம் தொடங்கினால் மண்டபம் முழுக்கச் செபமாலை சொல்லுகிற மாதிரி ஒரு இரைச்சல். அதுக்குள் ஸ்ரெல்லாவும் ஓதினால் ஆருக்குத் தெரியப்போகுது என்றுதான் நான் கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சினியோராவின் நாற்காலியை நடுவழியில் விட்டு, ஒரு பக்கம் ஸ்ரெல்லாவும் மறுபக்கம் நானும் இருந்தோம். கிறிகோரி வாசலில் ரோல்ஸும் பிளேன்ரீயும் விற்றுக்கொண்டு நின்றான். எங்களுக்கு முன்வரிசையில் அஸ்வினும் பெண்சாதி சுபத்ராவும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் எலுமிச்சை நோயை ஆராய்கிறவை. அஸ்வின் அந்த நாவலை ஐந்துதரம் வாசித்தவன் என்று படம் தொடங்க முதலே எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் வந்தவுடனே அவன் சொன்னது அதைத்தான்.

தொடக்கம் நல்லாய்த்தான் போனது. உப்புமலையைக் கண்டதும் சினியோரா என்ரை கையைப் பிடித்தது. முன்னாலே அஸ்வின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஏழு பேரை நாலாக்கிட்டான், வாள் நேரா இருக்கணும், வளைச்சிட்டான் என்று சுபத்ராவுக்குச் சொல்லச் சொல்ல, அவ ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

பிறகு கிழவி ராணி கண்ணை மூடினா. வெள்ளைத் துணியால் சுற்றி உப்புக்குகைக்குள் இறக்குகிறாங்கள். பாட்டு வேறை. மண்டபமே மூக்கைச் சீறுகிறது.

ஏன் எல்லாரும் அழுகினம் என்று சினியோரா கேட்டது.

ஸ்ரெல்லா அவவின் காதுக்குள் குனிந்தாள். மந்திரியை நம்பப்பண்ண அழுகினம், ராணி பின்கதவாலே போய்விட்டா, துணிக்குள்ளே கிடக்கிறது மரக்கட்டை என்றாள். சினியோரா என்ரை பக்கம் திரும்பிப் பார்த்தது. நான் பெரிதாய்த் தலையாட்டி, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் லெஞ்ஞோ, லெஞ்ஞோ என்றேன். கட்டைதான், சத்தியமாய்க் கட்டைதான் என்கிற மாதிரி.

பின்வரிசையில் ஜெசிக்கா, வாயாடிப் பெட்டை. தாய் அமலினி இப்பதான் அவளின் காதுக்குள் ராணி செத்துப்போனா என்று ஓதினவள். பெட்டை எழும்பி, நாற்காலிக்கு மேலாலே தலையை நீட்டி, இல்லை சினியோரா, அவ செத்துப்போனா என்று இத்தாலியனில் சொன்னாள்.

கட்டை என்றாள் ஸ்ரெல்லா.

மோர்த்தா, செத்தது என்றாள் ஜெசிக்கா.

பக்கத்து வரிசைப் பெடியள் கட்டைப் பக்கம் நின்றாங்கள், அதிலேதானே சுவாரசியம் கூட. அதுக்கு அங்காலை இருந்தவை செத்த பக்கம். மோர்த்தா, லெஞ்ஞோ, மோர்த்தா, லெஞ்ஞோ என்று மண்டபம் இரண்டாய்ப் பிளந்தது. ராணிக்காக விக்கி விக்கி அழுத சின்னனுகளை அடக்க ஏலாத தாய்மார், அழாதை ராசா, கட்டைதானாம் என்று எங்கடை பக்கம் மாறத் தொடங்கினார்கள். கடைசியில் அமலினியும் மாறினாள். அரைவாசி மண்டபம் ராணி எப்ப திரும்பி வருவா என்று பார்த்துக்கொண்டிருந்தது. படம் எடுத்தவனுக்கே தெரியாத ஆவல்.

ராணி எங்கே வருவா? வரவேயில்லை. இப்ப எங்கே நிற்கிறா, இப்ப எங்கே நிற்கிறா என்று சினியோரா கேட்கக் கேட்க, ஸ்ரெல்லா அவவை வெளிச்சவீட்டுக்கு அனுப்பினாள், சந்தைக்கு அனுப்பினாள், ஒருக்கால் நித்திரை என்றாள். ஓதி ஓதித் தொண்டை அடைத்துப்போய்விட்டது.

கடைசிக் காட்சி. இளவரசனுக்கு முடிசூட்டுகிறாங்கள். சிம்மாசனத்துக்குப் பின்னாலே கிழவி ராணியின் பெரிய படம், பூமாலை போட்டு, முன்னாலே குத்துவிளக்கு. மாலை போட்ட படம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மண்டபமே ஸ்ரெல்லாவின் பக்கம் திரும்பியது. சினியோரா மட்டும் படத்தைக் கையால் காட்டி, மாலை என்னத்துக்கு என்று கேட்டது.

"கலியாணப் படம்," என்றாள் ஸ்ரெல்லா. "வெளிச்சவீட்டுக்காரனைக் கட்டிவிட்டா."

இளவரசன் கண்ணீரோடு அந்தப் படத்தைக் கும்பிடுகிறான், எங்கடை சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்குது. நானும் சிரித்தேன். சிரிக்காதது இரண்டு பேர். ஒன்று ஸ்ரெல்லா, மற்றது அஸ்வின்.

வெளிச்சம் போட்டதும் அஸ்வின் எழும்பி, நாவலைக் கொன்னுட்டாங்க என்று இத்தாலியனிலும் தமிழிலும் சொன்னான். அதைக் கேட்டதும் சினியோரா கையைத் தட்டியது. தானும் அதைத்தான் நினைத்ததாம். புத்தகத்தைப் பாழாக்கிவிட்டார்களாம். ஆடு எங்கே? வெளிச்சவீட்டுக்காரனின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. கலியாணத்தை ஒரு படத்தோடே முடித்துவிட்டார்களே, உது என்ன கஞ்சத்தனம்? அண்டைக்கு மண்டபத்திலே படத்தைப் பற்றிக் குறை சொன்னவை கனபேர், சினியோரா அளவுக்குக் கோபப்பட்டவை ஒருத்தரும் இல்லை.

எந்த ஆடு என்று அஸ்வின் கேட்டான்.

சினியோரா அவனை உற்றுப் பார்த்தது. பிறகு கிட்ட வரச்சொல்லி விரலைக் காட்டியது. பின்வரிசையிலே ஒரு பிள்ளை ராணி செத்துவிட்டா என்று முழு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது, நீ புத்தகம் வாசித்தவன், நீ சொல்லு, அவ செத்தாவா, கலியாணம் கட்டினாவா என்று கேட்டது.

போய்க்கொண்டிருந்த சனம் நின்றது. ஜெசிக்கா கதிரைக்கு மேலே ஏறி நின்றாள். அஸ்வின் ஸ்ரெல்லாவைப் பார்த்தான். வாள் வளைந்ததுக்கே பெருமூச்சு விட்ட பிள்ளை, அவனிடம் பொய்யை எப்படிக் கேட்கிறது? ஸ்ரெல்லா மெதுவாய்த்தான் சொன்னாள்.

"தம்பி, அவ நாளைக்குச் சாப்பிடோணும்."

அஸ்வின் சினியோராவின் மெலிந்த கையைப் பார்த்தான்.

"சினியோரா," என்றான் இத்தாலியனில், "நான் இன்னும் அந்த இடம் வரைக்கும் வாசிக்கவில்லை."

ஐந்துதரம் வாசித்தவன், பெண்சாதிக்கு முன்னாலே, ஒரு மண்டபச் சனத்துக்கு முன்னாலே அப்படிச் சொன்னான். சுபத்ரா வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினா. சினியோரா அவனுடைய கன்னத்திலே தட்டி, முழுக்க வாசித்துப்போட்டு வந்து குறை சொல்லு மகனே என்றது. அவன் தலையைக் குனிந்து ஓம் என்றான். கிறிகோரி அவனுக்கு இரண்டு ரோல்ஸ் சும்மா கொடுத்தான். ஸ்ரெல்லாவும் அவனுடைய நம்பரை அங்கேயே வாங்கிக்கொண்டாள்.

அடுத்தநாள் மத்தியானம் ஸ்ரெல்லா பஸ்தினாக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டுபோய்ச் சினியோராவுக்கு முன்னாலே இருந்தாளாம். சினியோரா வாயைத் திறந்தது, கரண்டி கிட்ட வரேக்கை மூடிக்கொண்டது. ஒரு சந்தேகம். அந்தக் கட்டையை ஆர் துணிக்குள்ளே வைத்தது?

ஸ்ரெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்குப் போன் அடித்தாள். ஆடு என்று சொல்லு என்றேன். ஆட்டுக்குக் கையில்லை என்று சினியோரா சொல்லிவிட்டதாம். அந்தப் பக்கம் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்குது. கடைசியில் அஸ்வினுக்கு அடித்தாள்.

"அக்கா, இது ரொம்ப அநியாயம்," என்றானாம். "அது ஒரு பெரிய எழுத்தாளர் எழுதினது. நாம கை வைக்கக்கூடாது." சொல்லிப்போட்டு வைத்துவிட்டான்.

ஸ்ரெல்லா பஸ்தினாவைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவளும், வாயை மூடிக்கொண்டு மனுசியும். அப்பதான் போன் திரும்ப அடித்தது.

"மேகம் மேய்க்கிற ஏழு பேர்ல மூணாவது ஆள், அக்கா. ரெண்டாம் பாகம் முழுக்க அவன் சும்மாதான் இருக்கான். அவன் கட்டையைத் தூக்கிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் சொல்லிடாதீங்க."

ஸ்ரெல்லா மூன்றாவது மேகக்காரன் என்றாள். சினியோரா வாயைத் திறந்து, வாங்கி, மென்று, விழுங்கிவிட்டு, தனக்கு அவனிலே தொடக்கத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்றதாம்.