கோசலையின் கலியாண எழுத்து

போர் முடிந்தபின் யோகநாதன் வருடாவருடம் சுற்றுலா விசாவில் யாழ்ப்பாணம் போய் வந்தார். பிறந்த ஊருக்கே பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு போய், விசா முடிய முன் கொழும்பில் வரிசையில் நின்று நீட்டி, பிறகு திரும்பி வருவது. பாரிஸ் ரெஸ்ரோறன்ற் குசினிச் சமையலிலிருந்து பென்சன் எடுத்த வருடம், "இனி இரண்டு பேரும் அங்கைதான்" என்றார். இலங்கை இரட்டைக் குடியுரிமை கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்த காலம். ஐம்பத்தைந்து வயது தாண்டி ஓய்வுபெற்றவர்களுக்கான நீண்டகால விசாதான் வழி.

மனைவி கோசலை கழுவின கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள். கூடப் போன தடவைகளில், அவருடைய தமையன் வீட்டுக் குசினிக்குள் விடியப் புகுந்தால் இருட்டினபிறகுதான் வெளியே வருவாள். பாரிசை ஒட்டிய பொண்டியில், அவர்கள் இருந்த இடத்தில், அவளுக்குப் பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை இருந்தது. பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் சிவாஜினி தலை நிமிர்ந்தாள்.

"அக்காவுக்கு இன்னும் அந்த வயது வரேல்லை, அண்ணை. உங்கடை மனிசி எண்டுதான் போடவேணும். கலியாண எழுத்துப் பத்திரம் எங்கை?"

"எழுத்தோ? எண்பத்துமூண்டு கலவரத்தோடை அவசரமாக் கோயில்லை தாலி கட்டினது. ஆர் பதிஞ்சது?"

"அப்ப பிரெஞ்சுக்காரன்ரை கணக்கிலை அண்ணை இன்னும் மாப்பிள்ளைப் பெடியன்."

யோகநாதன் சிரித்தார். "அதுக்கென்ன, இஞ்சையே எழுதுவம்."

பொண்டி நகரசபையில் மகன் கஜனும் சிவாஜினியும் சாட்சிக்கு நின்றார்கள். கோசலை பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கலியாணத்தைப் பதிய வந்த நகரசபை அதிகாரி ஜெனவியேவ் என்ற அம்மா சட்டத்தை வாசித்துவிட்டு, சம்மதமா என்று யோகநாதனைக் கேட்டாள்.

"வுய்," என்று தலையாட்டினார்.

பிறகு கோசலையைக் கேட்டாள்.

அன்று கோயிலில் அவளை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் யாரும் எதையும் கேட்டதாக ஞாபகமில்லை. பயம் வருகிறதா, கோபம் வருகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"நோன்," என்று மறுத்தாள், கன்ரீனில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில்.

"அவவுக்கு விளங்கேல்லை. தமிழிலை சொல்லு தம்பி," என்றார் யோகநாதன் கஜனிடம்.

"விளங்கித்தான் சொன்னனான். நீங்கள் போங்கோ. நான் வாறனெண்டு எப்ப சொன்னனான்?"

கஜன் நிலத்தைப் பார்த்தான். ஜெனவியேவ் புத்தகத்தை மூடினாள்.

லா சப்பலில் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தது. எல்லாருமாய்ப் போனார்கள். யோகநாதன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"அப்ப நான் தனியவோ?"

"ஓம்," என்று கோசலை அவர் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.