நாலாவது பையனின் நிறம்

கால்பந்தில் ஒரு அணிக்கு எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், கிரிக்கெட்டில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் இருக்கும் என்று குருட்டாம்போக்கில் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவள் நான். அது சரியான விடை என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட என்னிடம்தான் உலகத்தின் வளரும் கால்பந்து நட்சத்திரங்கள் நான்கு பேரின் முகங்களை ஒப்படைத்தார்கள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள் அவை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் ஏதேதோ விளக்கிப் பார்த்திருக்கிறேன். உண்மையில், முதலாளி தமிழில் திட்டுவதை ஆங்கிலத்தில் மன்னிப்பாக மாற்றி சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் அனுப்புவதும், பையர் ஆங்கிலத்தில் திட்டுவதை முதலாளிக்குத் தமிழில் மென்மையாக்கிச் சொல்வதும்தான் வேலை.

இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகக் கால்பந்துப் போட்டி வரப்போகிறது, அதற்கு டி-ஷர்ட் வேண்டும் என்று எங்கள் ஐரோப்பியப் பையர் ஆர்டர் கொடுத்தார். இந்தப் பையன்களை இன்றைக்கு யாருக்கும் தெரியாது, நாளைக்கு உலகமே கொண்டாடும், அதற்கு முன்னால் நாம் கடையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நான்கு நாடுகள், நான்கு பையன்கள், நான்கு முகங்கள். எங்களுக்கு அவர்கள் டிசைன் ஏ, பி, சி, டி. ஏ ஒரு வெள்ளைக்காரப் பையன், முகமெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி. பி சுருட்டை முடிக்காரன். சி சிரித்துக்கொண்டே இருப்பான். டி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன். நல்ல கறுப்பு. சிரிக்காமல் நேராக நம்மைப் பார்ப்பான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நானும் நல்ல கறுப்பு. கல்யாணத் தரகர் மரியாதை தெரிந்தவர், அந்தச் சொல்லை வாயில் வைக்க மாட்டார். "நிறந்தானுங்க கொஞ்சம் கம்மி, மத்தபடி களையான மொகமுங்க" என்பார். அம்மா பயத்தமாவையும் கடலைமாவையும் என் முகத்தில் அப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் க்ரீமுக்கு மாறியிருந்தாள். ஸ்கூட்டியில் போகும்போது முழங்கை வரை கையுறை, கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாக் கட்டு. என்னைப் பார்த்தால் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கும். கணியூரில் ஒரு மாப்பிள்ளை, என் நிறத்தைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வேண்டாமாக இருந்தது. அப்பா ஒரு சமாதானத்துக்கு வந்தார். "வேலை இருக்கற வரைக்கும் போய்ட்டு வரட்டும். வேலை இல்லீன்னா சும்மா ஊட்டுல உக்கார வெக்க மாட்டேன், கணியூருக்குச் சரின்னு தாக்கல் சொல்லிப்போடுவேன்." ஆக, என் வேலையும் கணியூரும் ஒரே தராசில் தொங்கிக்கொண்டிருந்தன.

முகங்களை அச்சடிக்கும் பொறுப்பு, பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனது. வெட்டிய துணியில் முதலில் ஒரு மாதிரி அடித்துப் பையருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் மொத்தத்தையும் அடிக்க வேண்டும். மாதிரியைப் பார்க்க நான் போனேன். பிரிண்டிங் மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். கையில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மேஜைமேல் நான்கு பேரும் கிடந்தார்கள். மஞ்சள் துணியில் டி-யின் முகம் பளிச்சென்று, அப்படியே அவனாகவே இருந்தது. பார்த்ததும் எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"மாஸ்டர், ரொம்பக் கறுப்பா இருக்குதுங்களே. உலகம் பூரா பாக்கப் போகுது. கொஞ்சம் வெளுப்பா எடுத்து விடுங்களேன்" என்றேன்.

"நானும் அதத்தான் மேடம் நெனச்சேன். சின்னப் புள்ள, வாழ வேண்டிய பையன்லா" என்றார் மாஸ்டர். பழுப்புச் சாயப் பேஸ்ட்டில் ஒரு கரண்டி வெள்ளையைப் போட்டுக் கலக்கினார். அடித்துப் பார்த்தோம். இருவருக்கும் திருப்தி இல்லை. இன்னொரு கரண்டி போட்டார்.

பக்கத்து மேஜைகளில் இருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். "இப்பத்தானுங்கக்கா பையன் லட்சணமா இருக்கறான்" என்றார் ஒருவர். நான் ஒரு குழந்தைக்குப் பவுடர் போட்டுவிட்ட தாயைப் போல நின்றுகொண்டிருந்தேன். என் முகத்துக்கு இத்தனை வருடம் அம்மாவால் செய்ய முடியாததை இரண்டே கரண்டியில் அந்தப் பையனுக்குச் செய்துவிட்டேன் அல்லவா?

வெள்ளைக்காரப் பையன் ஏ-யும் தப்பவில்லை. அச்சுச் சட்டத்தில் ஊசித்துவாரம் விழுந்தால் துணியில் பொட்டுப்பொட்டாகப் பேஸ்ட் இறங்கும். அவன் முகத்துப் புள்ளிகளை அந்தத் துவாரங்கள் என்று நினைத்து, மாஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்திருந்தார். "கண்ணு வலிச்சுப் போச்சு மேடம்" என்று சொன்னதும், அவருடைய சிரத்தையைப் பாராட்டி நன்றி வேறு சொன்னேன். மொத்தத்தில் நால்வரும் பெண் வீட்டுக்குக் கொடுக்க ஸ்டூடியோவில் எடுத்த மாப்பிள்ளை படங்களாக ஆகிவிட்டார்கள்.

மாதிரி கூரியரில் போனது. பதில் வரும்வரை காத்திருப்பதுதான் முறை. எங்கள் ஊரில் யார் காத்திருந்தார்கள்? முதலாளி பரம்பரையாகக் காடு தோட்டம் பார்த்து வந்த குடும்பம், மேகத்தைப் பார்த்தே மழையைச் சொல்லிவிடுவார். "அம்மிணி, அந்தப் பையரு நமக்குப் பழக்கமுங்க. ஓகேன்னு சொல்லிப்போடுவாரு. பிரிண்ட்ட ஓட்டச் சொல்லீருங்க." நானும் ஓட்டச் சொன்னேன். பதில் வருவதற்குள் நெருப்பெரிச்சலில் மூட்டை மூட்டையாகச் சிவந்த டி-க்கள் குவிந்துவிட்டார்கள்.

பையரின் மெயில் சின்னதாக இருந்தது. ஏ-யின் புள்ளிகள் எங்கே? டி என்று அனுப்பியிருக்கிறீர்களே, இவர் யார்?

இதை எப்படி மென்மையாக்கி முதலாளியிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். அவர் கோபத்திலும் மரியாதை குறையாமல், "சரக்கு நின்னுதுன்னா, அம்மிணி, நீங்களும் நின்னுக்குங்க" என்றார். கணியூர் பஸ் என் கண்ணெதிரில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அதற்கடுத்த வாரம் பையர் வேறு வேலையாகத் திருப்பூருக்கு வந்தவர், நேராக எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து முதலாளி அறையின் டிவியில் போடச் சொன்னார். தகுதிச் சுற்றில் டி விளையாடிய ஆட்டம்.

நான் முதன்முதலாக அவன் அசைவதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கு நடுவே பந்தை நழுவவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் போய் நின்றான். வியர்வையில் முகம் மின்னியது. கேமரா கிட்டே போனபோது ஒரே ஒரு தடவை சிரித்தான். இவ்வளவு அழகான ஒருவனுக்கா நான் பரிதாபப்பட்டு வெள்ளை கலந்தேன் என்று வெட்கமாக இருந்தது. பையர் என் பக்கம் திரும்பி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அமைதியாகக் கேட்டார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்றுதான், சார் என்றேன். இப்போது நன்றாக இல்லையா என்று டிவியைக் காட்டிக் கேட்டார். மெர்ச்சண்டைசர் உத்தியோகத்தில் எனக்கு மன்னிப்பு வாக்கியம் கிடைக்காத ஒரே சந்தர்ப்பம் அது.

முதலாளிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. என்னைக் காப்பாற்றத் தன்னிடமிருந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டினார். "சார், இன் இண்டியா, லிட்டில் கலர் வெரி குட். சீ திஸ் கேர்ள். குட் ஃபேமிலி. குட் ஒர்க். ஒன்லி கலர் பிராப்ளம்."

பையர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார். துணியில் திட்டு விழுந்திருக்கிறதா என்று தேடுகிற அதே பார்வை. நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பார்த்துவிட்டு, "வேர்?" என்றார்.

எனக்கு வேலைப் பழக்கம். குறை எங்கே என்று பையர் கேட்டால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். "எவ்ரிவேர், சார்" என்றேன்.

ஆட்டம் பார்க்கக் கூடியிருந்த ஆபீஸ் ஆட்களோடு அறையே சிரித்தது. எல்லாருக்கும் முந்தி, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். பையர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டவராகத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கப்பல் தேதியைச் சற்றுத் தள்ளி வைப்பதாகவும், டி-யை டி-யாகவே அடித்துக் கொடுத்தால் சரக்கை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

மறுபடி மஞ்சள் துணி, மறுபடி நெருப்பெரிச்சல். பையர் கொடுத்துவிட்டுப் போன நிற அட்டையை வைத்துக்கொண்டு மாஸ்டர் பேஸ்ட் கலக்கினார். ஜன்னலோரம் துணியை விரித்து, பக்கத்தில் அட்டையை வைத்தேன். காற்றில் பறக்காமலிருக்க அட்டையின் மேல் கையை ஊன்றினேன். கையுறையைக் கழற்றியிருந்தேன். துணியில் இருந்த முகம், அட்டை, என் கை மூன்றும் ஒரே நிறமாக இருந்தன. மாஸ்டர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அட்டை எதுக்கு மேடம்? நீங்க கைய நீட்டுனாப் போதும்லா" என்றார்.

அதுதான் நடந்தது. ஒவ்வொரு புதுக் கலவைக்கும் "மேடம், கை" என்று கூப்பிடுவார். நான் போய் முன்னங்கையை மேஜையில் வைப்பேன், பெண்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். கம்பெனி என் படிப்புக்கு இதுவரை கொடுக்காத மரியாதையை என் முன்னங்கைக்குக் கொடுத்தது. "பிரிண்ட் முடியுத வரைக்கும் வெயில்ல அலையாதிய மேடம், ஷேட் மாறிரும்" என்று மாஸ்டர் எச்சரித்தபோது நான் நிஜமாகவே பயந்துபோய், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போகவில்லை. ஏ-க்கும் புள்ளிகள் திரும்ப வந்தன. சரக்கு போனது, வேலை நிலைத்தது. கணியூர் மாப்பிள்ளை தன் பெருந்தன்மையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போட்டி தொடங்கியதும் விளையாட்டுச் சேனலில் டி-யின் நாடு ஆடும் நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். டி இரண்டாம் பாதியில்தான் இறங்கினான். வழக்கம்போல ஆட்டம் எனக்குப் புரியவில்லை. அவன் முகம் வரும்போதெல்லாம் டிவிக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எங்கள் பையன் என்று ஒரு பெருமை பொங்கி வந்தது. இவனுக்குத்தான் டி-ஷர்ட் போட்டோம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அவரையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தாள். "என்னமா ஓடறான் பாரு. பாவம், இன்னுங் கொஞ்சம் நிறமாப் பொறந்திருக்கலாம்" என்றாள்.

"அம்மா, அவனும் நானும் ஒரே நிறம். கைய வெச்சுப் பாத்துத்தான் அடிச்சோம்."

"அதுனாலதான் கண்ணு சொல்றேன்" என்றாள் அம்மா.

அவள் குரலில் துளி விஷமில்லை. கடல் கடந்து நிற்கிற அந்தப் பையனுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் சேர்த்து, பெற்றவளாக வருத்தப்பட்டாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அழுகை வந்தது. டிவியில் திடீரென்று கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. வர்ணனைக்காரர் அவன் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தினார். டி கோல் போட்டிருந்தான். நான் அதைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.